அரங்கில் இன்று தேர்வு

சனிக்கிழமை காலை பல்கலைக்கழகத்தின் பெரிய ஹால் வாசலில் இரண்டு கூட்டம் நின்றது. ஒரு கூட்டத்தின் கையில் பேனா, இன்னொரு கூட்டத்தின் காலில் ஷூ. கதவில் அலுவலகம் ஒட்டிய தாளில் ஒரு குழப்பமும் இல்லை: 'அரங்கில் இன்று தேர்வு. அனைவரும் தவறாமல் வரவும்.' அனைவரும் தவறாமல் வந்திருந்தார்கள். அதுதான் தப்பாகிப் போயிற்று.

பேனாக்காரர்கள் அரியர் எழுத வந்தவர்கள். ஷூக்காரிகள் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வந்தவர்கள். கையில் பேனாவும் காலில் ஷூவுமாக நடுவில் நின்றவள் ஒருத்திதான். அவளை ஏணி என்று கூப்பிடுவார்கள். வகுப்பறைக் கதவில் தலை இடிக்காமல் நுழைய அவள் குனிய வேண்டியிருந்தது.

ஏணி படித்தது விளையாட்டு ஒதுக்கீட்டு சீட்டில். கட்டணம் கிடையாது, ஹாஸ்டல் சாப்பாடு இலவசம். ஆனால் வருடா வருடம் அணித் தேர்வில் நின்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு போச்சு. போன வருடம் அணியோடு ஊர் ஊராகப் போனதில் புள்ளியியல் பாடம் விழுந்துவிட்டது. அதை இன்று எழுதித் தேறாவிட்டால் மூன்றாம் வருடத்துக்கு ஏற்ற மாட்டார்கள், அப்போதும் சீட்டு போச்சு. ஆக, இரண்டில் எது தவறினாலும் வீட்டுக்கு பஸ். வீட்டில் அண்ணன் இரும்புக் கடை வைத்திருந்தான். "வந்துடு, மேல் தட்டுல இருக்கிற சாமானை எடுக்க எங்களுக்கும் ஆள் இல்ல" என்று அண்ணி போனிலேயே வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தாள்.

பல்கலைக்கழகம் சின்னது, அரசாங்கத்துடையது. முன்பெல்லாம் அங்கே விளையாட்டு என்றால் ஒரு வாலிபால் வலை. அதிலும் கயிறு கொஞ்சம், ஓட்டை நிறைய. பிறகு புதுத் துணைவேந்தர் வந்தார். படிக்க வருகிறவர்கள் குறைகிறார்கள், ஆட வருகிறவர்கள் கூடுகிறார்கள் என்று அவர் காதில் யாரோ போட்டார்கள். வியாபாரம் படுத்தால் சரக்கைச் சரிபண்ணுவது ஒரு வழி, கடை வாசலில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவது இன்னொரு வழி. அவர் பாட்டுப் போட்டார். கால்பந்து வந்தது, ஹாக்கி வந்தது, கூடைப்பந்து வந்தது. நீச்சல் அணிகூட வந்தது, குளம் மட்டும் வரவில்லை. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பாதி எடை தூக்கும் அறையானது. வரலாற்றுத் துறையை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு, அவர்கள் அறையில் சுளுக்கு எடுக்கும் கட்டிலைப் போட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர் கத்திப் பார்த்தார். உலகத்தில் இதைவிடப் பெரிய ஆக்கிரமிப்பையெல்லாம் நீங்களே பாடம் நடத்துகிறீர்களே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பெரிய வகுப்பறைகள் இப்படி ஒவ்வொன்றாக விழுந்தபின் நாற்பது பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுத இந்த ஹாலைத் தவிர வேறு இடமில்லை. மழைக்கு ஒதுங்கி கூடைப்பந்து ஆடவும் இந்த ஹாலைத் தவிர வேறு இடமில்லை. வெளியே புதுக் கோர்ட் போட்டிருந்தார்கள், சிமெண்ட் இன்னும் காயவில்லை.

விளையாட்டு இயக்குநரை எல்லோரும் விசில் என்பார்கள். அது கழுத்தில் இல்லாமல் அவரைப் பார்த்தவர் அவர் மனைவி மட்டும்தான், அதுவும் சந்தேகம். தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி அம்மாவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் சீல். விடைத்தாள் கட்டுக்குப் போடும் அரக்கு முத்திரையை அந்த அம்மா தன் வாய்க்கும் போட்டுக்கொண்டால் நன்றாயிருக்கும் என்ற ஆசையில் வைத்தது. விசிலின் மகள் சீலின் மகனைக் கட்டியிருந்தாள். பிள்ளைகள் வேறு ஊரில் நிம்மதியாகக் குடித்தனம் நடத்த, அவர்களுக்கும் சேர்த்து இவர்கள் இரண்டு பேரும் இங்கே சண்டை போட்டார்கள்.

"வாங்க சம்பந்தி," என்றாள் சீல். "காலங்காத்தால பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு வாக்கிங்கா?"

"தேர்வு வெச்சிருக்கேன் சம்பந்தியம்மா. ஹாலுக்குச் சொல்லியாச்சு."

"நானும்தான் சொல்லியாச்சு. தேர்வுன்னா அது எங்க ஆபீஸ். நீங்க பண்றதுக்குப் பேரு பந்து உருட்டறது."

"பந்து உருட்டறவங்களாலதான் இங்க ஃபேன் சுத்துது."

"அந்த ஃபேனோட இறக்கையை வளைச்சதும் உங்க பந்துதான்."

சாவி வைத்திருந்த குமாஸ்தாவைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருமே போன் பண்ணி, சனிக்கிழமை தேர்வு, ஹால் வேணும்னீங்க. சம்பந்திங்களாச்சே, வீட்ல பேசிக்கிட்டு ஒரே விஷயத்தைத்தான் ரெண்டு தடவை சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"நாங்க வீட்ல பேசிக்கிறோம்னு உனக்கு எவன் சொன்னான்?"

இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

துணைவேந்தருக்கு போன் போட்டார்கள். அவர் வேறெங்கோ ஒரு வில்வித்தை அணியைத் தொடங்கி வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீங்க சம்பந்திங்கதானே, உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கங்க" என்று வைத்துவிட்டார்.

இதற்குள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து லீகிலிருந்து மேற்பார்வையாளர் வந்து இறங்கினார். அணியையும் அது ஆடும் இடத்தையும் பார்த்து இவர் சரி என்றால் பல்கலைக்கழகம் மேல் பிரிவுக்குப் போகும், இல்லை என்றால் விசில் போன வேகத்தில் பழைய வாலிபால் வலைக்குத் திரும்ப வேண்டியதுதான். மனுஷர் ஹாலைப் பார்த்தார், உள்ளே வரிசையாகக் கிடந்த டெஸ்குகளைப் பார்த்தார், கொட்டாவி விட்டார்.

அந்தக் கொட்டாவியில் பேரம் சூடு பிடித்தது.

"முழு ஹால் வேணும்," என்றார் விசில்.

"ஒரு மூலைகூடக் கெடையாது."

"முக்கால்."

"வாசப்படியில ஆடிக்கங்க."

"சம்பந்தியம்மா, பாதியாவது குடுங்க. பொண்ணைக் குடுத்தவன் கேக்கறேன்."

"அதை ஞாபகப்படுத்தாதீங்க, அந்தப் பாதியும் கெடைக்காது."

கடைசியில் பாதியில்தான் முடிந்தது. பாதியில் முடியும் என்று தெரிந்தேதான் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் தொண்டையைக் கிழித்துக்கொண்டார்கள். பழைய வாலிபால் வலையை எடுத்து ஹாலுக்குக் குறுக்கே கட்டினார்கள். இந்தப் பக்கம் பேனா, அந்தப் பக்கம் பந்து.

ஏணி முதலில் விசிலிடம் போனாள். "சார், நான் ரெண்டுலயும் இருக்கேன்."

"அப்ப எதுல இல்லாம இருக்கணும்னு முடிவு பண்ணிக்க."

"பாதி நேரம் ஆனா பேப்பரைக் குடுத்துட்டு எழுந்துக்கலாம் சார். எழுதிட்டு ஓடி வந்துடறேன்."

"பாதி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆச்சு, ஹாஸ்டல்ல பெட்டியைக் கட்டிக்க."

பிறகு சீலிடம் போனாள். "மேடம், எனக்கு இது கடைசி சான்ஸ். வலைக்குப் பக்கத்துல ஒரு டெஸ்க் குடுத்தீங்கன்னா..."

"இங்க எல்லாருக்கும் எல்லாமே கடைசி சான்ஸ்தாம்மா. பையை வெளிய வை. எழுந்தா திரும்ப உட்கார முடியாது, அதையும் கேட்டுக்க."

டெஸ்க் மட்டும் வலைக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. இரக்கத்தால் இல்லை, மற்ற டெஸ்குகளில் அவள் கால் நுழையவில்லை.

கேள்வித்தாள் வந்தது. கூட்ட ஆரம்பித்தாள், டொம். கழித்தாள், டொம் டொம். சராசரி எடுத்தாள், அதற்குள் அந்தப் பக்கம் யாரோ கூடையில் போட்டுவிட்டுக் கூவினார்கள். எட்டில் மூன்று போனால் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ண வேண்டிய நிலைமை. பக்கத்து டெஸ்க்காரன் காதில் பேனா மூடியைச் செருகிக்கொண்டு எழுதினான். முன் வரிசையில் ஒருத்தி அழுதே விட்டாள்.

முதல் பந்து வலையைத் தாண்டி விழுந்தபோது சீல் அதை எடுத்துத் தன் மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"பந்தைக் குடுங்க சம்பந்தியம்மா."

"தேர்வு அறைக்குள்ள வந்த பொருள் தேர்வு முடியற வரைக்கும் வெளிய போகாது. விதி."

"அது பந்துங்க! பிட்டு பேப்பர் இல்ல!"

"உருண்டையா சுருட்டிக் கொண்டு வந்த பிட்டு நான் நிறையப் பார்த்திருக்கேன்."

இரண்டாவது பந்தும் அதே வழியில் போனது. மூன்றாவது மேஜைக்குக் கீழே இடமில்லாமல் நாற்காலி மேல் உட்கார்ந்தது. சீல் எழுந்து நின்றே கண்காணித்தாள், முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நான்காவது பந்து நேராக ஏணியின் தலைக்கு வந்தது. அவள் நிமிரவில்லை. வலது கை எழுதிக்கொண்டே இருந்தது, இடது கை மேலே போய்ப் பந்தைக் கப்பென்று பிடித்தது.

அந்தப் பக்கம் மேற்பார்வையாளர் அன்று முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாஸ் பண்ணு!" என்று கத்தினார் விசில்.

"அதுக்குத்தான் சார் எழுதிக்கிட்டிருக்கேன்," என்றாள் ஏணி.

ஹால் முழுக்கச் சிரித்தது, இரண்டு பக்கமும். சீல் வந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

"அது யார்?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"எங்க சென்டர் சார், கூடைக்கடியில ஆடறவ."

"சென்டர்னா அங்க உட்கார்ந்து என்ன பண்றா?"

"தேர்வு சார்."

"அப்ப இங்க நடக்கிறது?"

"இதுவும் தேர்வுதான் சார்."

மேற்பார்வையாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தராசைச் சந்தேகப்படும் வாடிக்கையாளர் பார்வை அது.

பாதி நேரத்துக்கு மணி அடித்தது. ஏணி எழுதினதை மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். இந்தச் சத்தத்தில் போட்ட கணக்குகளில் பாதி தப்பாயிருக்கும். இன்னும் ஒரு பெரிய கேள்வி எழுதினால்தான் தேறும். அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியும், எழுத நேரம்தான் வேண்டும்.

விசில் வலைக்கு வந்து கயிறு வழியாக முகத்தை நுழைத்தார். "ஏய்! மணி அடிச்சாச்சு. எழுந்திரு."

"இன்னும் ஒரு கேள்வி சார்."

"அந்த ஆளு கெளம்பறாரு! இப்ப நீ வரலேன்னா இனிமே வரவே வேணாம். நீ டீம்ல இல்ல. சீட்டும் இல்ல. எல்லாரும் கேட்டுக்கங்க, இவ டீம்ல இல்ல!"

ஏணி பேனாவை வைத்தாள். கால் டெஸ்குக்கு வெளியே வந்தது.

"எழுந்தா உட்கார முடியாது," என்றாள் சீல் தன் இடத்திலிருந்தே. அதில் அக்கறை ஒன்றும் இல்லை, சம்பந்தி தோற்பதைப் பார்க்கும் ருசி மட்டும்தான் இருந்தது. அது ஏணிக்கும் புரிந்தது. இவர்கள் இருவருக்கும் நடுவில் தான் ஒரு வலை, அவ்வளவுதான்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். விசில் போட்ட கூச்சல் எதுவும் பிறகு அவள் காதில் விழவில்லை. அந்தப் பக்கம் பந்து தீர்ந்து, ஆட்டமும் நின்றிருந்தது.

கடைசி மணி வரை உட்கார்ந்து, எழுதி, சரிபார்த்து, விடைத்தாளைக் கொடுத்தாள். சீல் நன்றாக எழுதினாயா என்று கேட்கவில்லை. "நூல் கட்டினது தளர்வா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே மேற்பார்வையாளர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி விசிலிடம் சொன்னது படிக்கட்டு வரை கேட்டது. "அரை ஹால், அரை டீம் வெச்சுக்கிட்டு முழு அந்தஸ்து கேக்கறீங்க. அடுத்த மாசம் வரேன். அந்த உயரமான பொண்ணு ஆடினா பேசலாம். அவ இல்லேன்னா எனக்கு போன் பண்ணாதீங்க."

கார் போனது. விசில் திரும்பினார். தூணோரம் ஏணி ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சீல் விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றாள். ஷூக்காரிகள் ஒருத்தியும் கலையவில்லை.

"நீ... டீம்ல இருக்கே," என்றார் விசில், அடிக்குரலில்.

"இல்லேன்னு சொன்னீங்களே சார். எல்லாரும் கேட்டாங்க."

"கோவத்துல சொன்னேன்."

"நான் வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லலாம்னு இருந்தேன்," என்று எழுந்தாள். எழுந்ததும் விசில் அண்ணாந்து பேச வேண்டியதாயிற்று. "யோசிச்சுச் சொல்றேன் சார்."

படியிறங்க ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் இறங்கினாள்.

"ஏய், நில்லும்மா. ஹாஸ்டல்ல தனி ரூம் தரச் சொல்றேன்!"

அவள் நிற்கவில்லை.

"புது ஷூ! டீம் செலவுல!"

"சம்பந்தி, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க," என்றாள் சீல். "படி தீரப் போகுது."

விசில் பல்லைக் கடித்தார். "டிகிரி முடியற வரைக்கும் சீட்டு உன்னுது! ஆடினாலும் உன்னுது, கால் உடைஞ்சு படுத்தாலும் உன்னுது! போதுமா?"

ஏணி கடைசிப் படியில் நின்றாள். திரும்பவில்லை.

"வருஷா வருஷம் வெக்கிற தேர்வு?"

"கெடையாது."

"சத்தமா சொல்லுங்க சார். மேடமுக்குக் கேக்கணும்."

விசில் ஒரு தடவை சம்பந்தியைப் பார்த்தார். பிறகு, அந்தக் கட்டிடத்தில் அவருடைய விசில்கூட அதுவரை எழுப்பாத சத்தத்தில், சொன்னார்.