சீனி போடாத தேத்தண்ணி

அக்கா துர்க்காவுக்கு எம்.எஸ். என்று தொண்ணூற்றாறில் கண்டுபிடித்தார்கள். நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கிற வருத்தம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி போட்டால் கால்கள் கெதியில் கைவிடாது என்றார் டொக்டர். போட்டால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். அதனால் வீட்டுக்கு ஆள் வந்தால் அக்கா ஊசியைத் தொடமாட்டாள். கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு ஆள் வராத நாள் எது?

"உனக்குக் கலியாணம் பேசுற நேரம், குடும்பத்தில நரம்பு வருத்தம் எண்டால் ஆரடி வருவான்?" என்பாள்.

"உன்ர காலை வித்துக் கட்டுற தாலி எனக்கு வேண்டாம்!" என்று கத்துவேன். கேட்டால்தானே? அந்தப் பனிக்காலம் இடது காலை இழுத்து நடக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் கீழ்மாடி பேபி அன்ரி எங்கள் பிரிட்ஜைத் திறந்தார். கேட்டுத் திறக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கறிவேப்பிலை தேடிய கையில் ஊசிப் பெட்டி அகப்பட்டது.

"ஐயோ பிள்ளை, உனக்கும் சீனி வருத்தமே? சொல்லியிருக்கலாமே!"

அன்ரி எந்தக் கலியாண மண்டபத்திலும் பந்திக்கு முன் கூச்சமில்லாமல் இன்சுலின் போடுகிறவர். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதமாகிவிட்டது.

ஒரு கிழமைக்குள் ஊர் முழுக்கச் செய்தி. சீனிக்கு நல்லதென்று பாகற்காய் வந்தது, குரக்கன்மா வந்தது. சீனி வருத்தம் எங்கள் ஆட்களுக்குத் தடிமன், இருமல் மாதிரி, அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆட்கள் இருக்கும்போதே அக்கா ஊசி போட எழும்பிப் போனாள். பிறகு காய்ச்சலில் நடுங்கினால், அதுவும் சீனியால்தான் என்றார்கள். பேபி அன்ரி கதவடியில் நின்று, "போட்டாச்சோ?" என்று கேட்பார். கோடை வருவதற்குள் கால் இழுவையும் மெல்லக் குறைந்தது. ஒரே கஷ்டம், இனிப்புக்கு உயிரை விடுகிற அக்காவுக்கு ஒருவரும் ஒரு லட்டுக்கூடக் கொடுக்கவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆவணியில் பிரவீனனும் தாயும் என்னைப் பெண்பார்க்க வந்தார்கள். எல்லோருக்கும் கேசரி. அக்காவின் கையில் மட்டும் பேபி அன்ரி சீனி போடாத தேத்தண்ணியை வைத்தார்.

"அவவுக்குச் சீனி வருத்தம்," என்று பிரவீனனின் தாய்க்கு விளக்கமும் சொன்னார்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இல்லை அன்ரி. எனக்கு எம்.எஸ். நரம்பு வருத்தம். அதுக்குத்தான் ஊசி. இனி ஒளிக்க ஏலாது. பொய் சொல்லித் தங்கச்சியைக் கட்டிக் குடுக்கவும் மாட்டன்."

பேபி அன்ரி வாயைப் பிளந்தார். எனக்குப் பிரவீனனைப் பிடித்துவிட்டது, இந்தச் சம்பந்தம் போய்விடுமோ என்று பயந்தேன். ஆனாலும் அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பிரவீனனின் தாய் அக்காவின் காலைப் பார்த்தார்.

"ஊசியை ஒழுங்காப் போடுறீரோ?"

"ஓம், அன்ரி."

"அப்ப இதைச் சாப்பிடும்." தன் கேசரித் தட்டை அக்காவிடம் தள்ளினார். "எங்களுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு."

பேபி அன்ரிக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்ப என்ர பாகற்காயை ஏனடி இவ்வளவு நாளும் திண்டனீ?" என்று கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார். இனி வரமாட்டார் என்று அக்கா அழுதாள்.

மறுநாள் பின்னேரம் கதவு தட்டாமலே திறந்தது.

"சீனியோ நரம்போ, போட்டாச்சோ?"