இரண்டாவது கிளிக்

மலையில் கரடி தின்றுவிடாமல் சாப்பாட்டைப் பூட்டி வைக்கிற கரடி டப்பாவின் மூடியைத் திருகினால் இரண்டு முறை 'கிளிக்' என்று கேட்க வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் மூடியதுபோல்தான் இருக்கும். ஆனால் கரடி நாலு தடவை உருட்டித் தட்டினால் மூடி கழன்று வந்துவிடும். இதை என் மச்சான் லோவெலுக்குப் பன்னிரண்டு நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

லோவெல் என் அக்கா ஜோலீனின் கணவர். அறுபத்துமூன்று வயது. ஃப்ரெஸ்னோவில் முப்பத்தைந்து வருஷம் பிளம்பர் வேலை பார்த்தவர். நான் அதே ஊரில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவன். சியரா மலைப் பாதையை முழுதாக நடந்து விட்னி சிகரம் ஏறப் பர்மிட் வேண்டும், அதற்குக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஐந்து வருஷம் எழுதிப் போட்டு இந்த வருஷம்தான் விழுந்தது. மூன்று வாரம் லீவு வாங்க மேனேஜரிடம் நான் கெஞ்சிய கெஞ்சல் இருக்கிறதே, அதை என் எதிரி கூடப் பார்த்திருக்கக் கூடாது.

இன்னும் எட்டு நாள் நடந்தால் சிகரம். நடுவில் கடை கிடையாது, வீடு கிடையாது. ஆளுக்கொரு டப்பா, ஒவ்வொன்றிலும் எட்டு நாள் சாப்பாடு. அது போனால் பயணமும் போச்சு. அதனால்தான் நச்சரித்தேன்.

"மச்சான், மூடியாச்சா?"

"ஆச்சு."

"ரெண்டு கிளிக்?"

"ஏன், கையெழுத்துப் போட்டுத் தரணுமா?"

"ஊர்ல பாதி குழாயை முறுக்கின கை. ஒரு டப்பாவுக்கு இவ்வளவு நேரமா? கரடிகிட்ட குடுத்தா அதுவே மூடிக் குடுத்துடும்."

"போடா டேய்!" என்று சிரிப்பார்.

மனுஷனோடு எல்லாமே இப்படித்தான். மணக்கிற எதுவும் கூடாரத்தில் இருக்கக் கூடாது, பற்பசைகூட டப்பாவுக்குள்தான் போக வேண்டும். இவர் சட்டைப் பையில் சாசேஜ் சுற்றிய காகிதத்தோடு படுப்பார். நான் எழுப்பிப் பிடுங்கிக்கொண்டு போய் என் டப்பாவில் வைப்பேன். டப்பாவையும் என் முன்னால் மூட மாட்டார், பாறைக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எனக்குத் தெரியாமல் சாக்லேட் தின்கிறார் என்று நினைத்தேன்.

அன்று மூன்று மணிக்கே ஓடைப் பக்கம் கூடாரம் போட்டுவிட்டோம். டப்பாக்களை நூறு அடி தள்ளிச் சமதரையில் வைத்தோம். காலுறை துவைத்து, தண்ணீர் பிடித்து வர அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தால் கரடி உட்கார்ந்திருக்கிறது. ஓடவில்லை, பதறவில்லை. லோவெலின் டப்பாவை இரண்டு கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கடலை வெண்ணெயை நக்கிக்கொண்டிருக்கிறது. மூடி தனியாகக் கிடந்தது. என் டப்பாவையும் கடித்துப் பார்த்திருக்கிறது. பல் பதிந்திருந்தது, திறக்கவில்லை. பாத்திரத்தைத் தட்டினோம், கத்தினோம், கல்லை விட்டெறிந்தேன். மிச்சமிருந்த பையை வாயில் கவ்விக்கொண்டு அது மரங்களுக்குள் நடந்துபோனது. ரொட்டி, சாசேஜ், சமையல் பொட்டலம், எல்லாம் போயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ஒரு கிளிக்! ஒரே ஒரு கிளிக் மச்சான்!"

"மறந்துட்டேன்."

"மறக்கிற விஷயமா இது? சாப்பாடு திருடற கரடிக்கு வனத்துறை காதுல மாட்டற பட்டைகூட அதுக்கு இல்ல. இன்னிக்கு வரைக்கும் மனுஷன் சாப்பாடே தெரியாத கரடி. இனி ஒவ்வொரு கூடாரமா மோப்பம் பிடிச்சு வரும். கடைசில சுட்டுத் தள்ளுவாங்க. எல்லாம் உங்க மறதியால!"

அவர் குனிந்து கிழிந்த காகிதங்களைப் பொறுக்கினார். கடைசித் துண்டு வரை பொறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நீ போ மாப்ளே. உன் டப்பா முழுசா இருக்கு. நான் கிழக்குக் கணவாய் ஏறி ரோட்டுக்குப் போயிடறேன். ஒன்றரை நாள்தானே."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டை எடுத்து அவர் டப்பாவில் கொட்டினேன். ஆறு நாள் சாப்பாட்டை எட்டு நாளுக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று மனசு அப்போதே கணக்குப் போட்டது.

"இதையாவது ஒழுங்கா மூடுங்க. என் கண்ணு முன்னாடி."

"அப்புறம் மூடிக்கறேன்."

"இப்பவே."

மூடியை வைத்துத் திருகினார். முதல் கிளிக் கேட்டது. அடுத்ததற்குக் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே திருக வேண்டும். விரல் அழுந்தவில்லை. கை நடுங்கியது. டப்பாவை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு உள்ளங்கையாலும் முயன்றார். வழுக்கியது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் வழுக்கியது. நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நெற்றி வேர்த்து மூக்கு நுனியில் சொட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

"என்ன மச்சான்?"

"குளிரு."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு வருஷமாச்சு," என்றார், டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "டாக்டர் ஏதோ பேரு சொன்னார். உங்க அக்காவுக்குத் தெரியாது. முதல் நாள் உடம்பையெல்லாம் குடுத்து அழுத்தி ரெண்டு கிளிக்கும் போட்டேன். காலையில திறக்க முடியல. நீ எழுந்திருக்கறதுக்குள்ள கல்லால தட்டித் திறந்தேன். அதான் அப்புறம் ஒண்ணோட விட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன? நான் மூடியிருப்பேனே!"

"உன்கிட்டயா? மெதுவா மூடறேன்னே பன்னெண்டு நாளா இந்தக் கிண்டல் பண்றே. கை நடுங்குதுன்னு தெரிஞ்சா விடுவியா?"

முந்தின நாள்தான் பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் இருவருக்கு அவர் பாறைக்குப் பின்னால் மணிக்கணக்கில் மூடி திருகுவதாக நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருந்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

காலையில் இரண்டு பேரும் கிழக்கே திரும்பினோம். பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை. அந்தக் கையோடு அவரைத் தனியாகக் கணவாய்க்கு அனுப்பிவிட்டு அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? வழி நெடுகத் திட்டிக்கொண்டே ஏறினேன். கரடியைத் திட்டினேன், டப்பா செய்தவனைத் திட்டினேன், என்னையும் விடவில்லை.

"மலை எங்கடா ஓடிப் போகப் போகுது?" என்றார், மூச்சு வாங்கியபடி.

"மலை போகாது. பர்மிட் போகும். இன்னொரு அஞ்சு வருஷம் யார் எழுதிப் போடறது?"

கணவாயின் உச்சியில் உட்கார்ந்தோம். அவர் என் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திற மாப்ளே. பசிக்குது."

திறந்து, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கையில் கொடுத்தேன். பாதி தின்ற பிறகு கேட்டேன், "அக்காகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்லிக்கறேன். நீ பக்கத்துல மட்டும் இரு." பிறகு, "அங்க வந்து கிண்டல் பண்ணிடாதே," என்றார்.

"பண்ண மாட்டேன் மச்சான்."

அவர் நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது.