நடுவில் ஒரு வட்டம்

உத்ரெக்ட் நகரத்தில் பழைய கூர்வளைவுக் கட்டடப் பாணியான கோதிக்மேல் பித்துப் பிடித்த வெள்ளி ஆசாரிகளில் என் புருஷன் எவெர்ட்டை மிஞ்ச ஆளில்லை. வருடக்கணக்காகக் கரண்டியும் கடுகுக் கிண்ணமும் அடித்துச் சலித்தவர். புதிதாகக் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு, பூசை அப்பத்தை வைத்துக் காட்டும் கதிர்பாத்திரம் வேண்டும் என்று ஸ்பீரிங்ஸ் சாமியார் வந்து கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பழைய பேராலயம் மாதிரி இருக்கணும். நடுவுல அப்பம் வைக்க இடம் விட்டுருப்பா. சனங்க அதப் பாத்துத்தான் கும்பிடுவாங்க" என்றார் சாமியார்.

இது நன்றாக அமைந்தால் மற்றக் கோயில்களும் தேடி வரும். இல்லாவிட்டால் மறுபடி கடுகுக் கிண்ணம்தான்.

நாங்கள் கத்தோலிக்கரிடமிருந்து பிரிந்த சீர்திருத்தச் சபைக்காரர்கள். கத்தோலிக்கப் பூசையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எவெர்ட் ஜன்னலில் தெரியும் பழைய பேராலயக் கோபுரத்தைப் பார்த்துப் பார்த்து முழ உயரத்துக்கு வெள்ளியில் எழுப்பினார். கூரான வளைவுகள், ஊசி முனைகள், இண்டு இடுக்கெல்லாம் இலைகள். மெருகு போட்ட என் விரல்களில் குத்துப்படாத இடமில்லை. ஆனாலும் அப்படியொரு அழகை நான் கண்டதில்லை.

கோயில் திறப்புக்கு முந்தின நாள் காலையில் சாமியார் வந்தார். பார்த்ததும் கண் கலங்கினார். பிறகு அளவு பார்க்க ஓர் அப்பத்தை எடுத்தார். உள்ளங்கை அகல வட்டம். எவெர்ட் விட்டிருந்த கூர்ஜன்னலோ கட்டைவிரல் அகலம்.

"அப்பம்னா சின்னத் துண்டுதானே, சாமி?" என்றார் எவெர்ட். "எங்க சபையில அப்படித்தான் வெட்டிக் குடுப்பாங்க."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டா இவரு கௌரவம் என்னாகுறது சாமி?" என்றேன்.

"எங்ககிட்ட இருக்கிற பழைய தகரப் பாத்திரத்தையே வைக்க வேண்டியதுதான்" என்று சாமியார் எழுந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, கோதிக்னா எல்லாமே கூராவா இருக்கு? நீங்க செவுத்துல ஒட்டியிருக்கிற வெளியூர்ப் பேராலயப் படத்துல, வாசலுக்கு மேல பெரிய வட்ட ஜன்னல் இருக்கே."

எவெர்ட் துள்ளி எழுந்தார். அடுத்த நொடியே சோர்ந்தார். "அப்பத்துக்கு முன்னால மூட வட்டக் கண்ணாடிய இன்னைக்கு யாரு வெட்டித் தருவா?"

கணப்புக்கு மேலிருந்த மேஜைக் கடிகாரத்தை இறக்கி, முகக் கண்ணாடியை நெம்பி எடுத்தேன்.

"உங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்ததாச்சே."

"அம்மாவுக்கு மணி பாக்கவே தெரியாது. நீங்க கோபுரத்த அறுங்க."

அறுத்தார். வெள்ளித் தூள் பறந்தது. சாமியாரே அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு துருத்தி ஊதினார். யாருக்கும் சாப்பாட்டு நினைவே வரவில்லை. பொழுது சாய்வதற்குள் கோபுரத்தின் நடுவே வட்ட ஜன்னல் திறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்தக் கோயில் வாசலைத் தாண்டமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த மனிதர், மறுநாள் எனக்கு முன்னால் உள்ளே போய்த் தூணோரம் நின்றார். சாமியார் பாத்திரத்தை உயர்த்தினார். கோயிலே மண்டியிட்டது.

"எல்லாரும் என் கோபுரத்தையே பாக்குறாங்கடி" என்றார் மெதுவாக.

"கோபுரத்தை இல்லீங்க. நடுவுல இருக்கிறதை."

அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். அதுவரை கழற்றாத தொப்பியைக் கழற்றினார்.