தூண்டிலில் திருநீறு

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. மழைக்காலம் முடிந்த கையோடு ஒருநாள் செவிலிமேட்டுப் பாலத்தின் மேல் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பாலாற்றில் தண்ணீர் போவதை ஊரோடு சேர்ந்து நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கரையில் ஓர் இளைஞன். நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு, கையில் பளபளவென்று புதுத் தூண்டில் கோல். திருநீறு பூசினவன் மீன் பிடிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பிடிக்கலாம். ஆனால் இவன் பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதே இல்லை என்பது, கோலைப் பிடித்திருந்த விதத்திலேயே பாலத்தின் மேலிருந்த எனக்குத் தெரிந்தது.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் புளுகு. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் புளுகினால் அதற்கு இலக்கியம் என்று பெயராம். எனக்கும் ஆட்சேபணை இல்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பாலாற்றின் மேல் அந்தி கவிந்துகொண்டிருந்தபோது குமரகுருவின் மனத்துக்குள்’. அடித்துவிட்டேன். அந்தி கவிந்தால் மனத்துக்குள் ஏதாவது நடந்தே தீர வேண்டும். எனக்கு அவ்வளவு சரக்கு இல்லை. அடுத்து: ‘ஆற்று மீனுக்குத் தூண்டில் வாங்குகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது’. இது கதையா, கடை விளம்பரமா? இதையும் அடித்தேன். ஆனாலும் அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. குமரகுருவின் கல்யாணம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

2

குமரகுருவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் வீடு, வீட்டுக்குள்ளேயே தறி. சைவக் குடும்பம். வெள்ளிக்கிழமையானால் பூண்டுகூட அடுப்பங்கரைக்குள் வர யோசிக்கும். நெய்த சேலையைக் கொடுக்கக் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைக்குப் போய்வந்தவன், அங்கே கணக்குப் பார்க்கும் ஷாரோனிடம் சேலையோடு மனத்தையும் கொடுத்துவிட்டு வந்தான். [மட்டமான வாக்கியம் என்று எனக்கே தெரியும். வேறு கிடைக்கும்வரை இருக்கட்டும்.]

ஷாரோனின் அப்பா யேசுதாஸ், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸின் டிரைவர். ஆற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மூங்கில் தூண்டிலோடு பாலாற்றுக்குப் போய்விடுவார்.* மகள் விஷயத்தைச் சொன்னபோது அவர் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, “ஞாயித்துக்கெழம அந்தப் புள்ளைய ஆத்தாண்ட வரச் சொல்லு” என்றார்.

(* பாலாற்றில் தண்ணீரா என்று சிரிப்பவர்களுக்கு: கதைக்குத் தேவைப்பட்டது, நான் பார்த்த தண்ணீரை இன்னும் சில மாதம் ஓடவிட்டேன். ஆசிரியனுக்கு இந்த அதிகாரமாவது வேண்டாமா?)

இது பரீட்சை என்று குமரகுரு முடிவு செய்துவிட்டான். ஆற்றுக்குக் கூப்பிடுகிறவர் மீன் பிடிக்கத்தானே கூப்பிடுவார்? வெறுங்கையோடு போய் நின்றால் பெண் கொடுப்பாரா? ஒரு மீனாவது பிடித்துக் காட்டாமல் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக முடியாது என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். மூன்று தலைமுறையாக மீன்கடைத் தெருவைச் சுற்றிக்கொண்டு போன குடும்பத்துப் பிள்ளைக்குத் தலையெழுத்தைப் பாருங்கள்.

இந்த இடத்தில் யாரோ பக்கத்தை மூடுவது எனக்குக் கேட்கிறது. சாதி மாறிய காதல், ஆற்றங்கரை, வரச் சொன்ன பெண்ணின் அப்பா. இது எங்கே போய் முடியும் என்று தெரியாதா என்கிறீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. செய்தித்தாள் படித்துப் படித்து என் கையும் அந்தப் பக்கமாகத்தான் போனது. பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இந்தக் கதையில் அரிவாள் கிடையாது. மீன் நறுக்க அரிவாள்மனை வைக்கலாமா என்றே ரொம்ப யோசித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, குமரகுருவின் அப்பா பஞ்சாட்சரத்தை ஏகாம்பரநாதர் கோயில் பிரகாரத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். கதை முடியும்வரை சுற்றிக்கொண்டிருப்பார். பெரிய பிரகாரம், தாங்கும்.

3

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கோதண்டபாணியின் கடை. கயிறு, கொசுவலை, தார்ப்பாய், இவற்றோடு ஒரு மூலையில் தூண்டில் சாமான்கள். கோதண்டபாணி நாமம் போட்டவர், அவரும் மீன் சாப்பிடாதவர். மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து அளந்ததுதான். ஆக, மீன் வாசனையே அறியாத இரண்டு பேர் விராலைப் பற்றி வெகு தீவிரமாகப் பேச ஆரம்பித்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எந்த மீனுக்கு என்று கோதண்டபாணி கேட்டார். விரால் என்றான் குமரகுரு. ஷாரோன் வாயிலிருந்து அவன் கேட்ட ஒரே மீன் பெயர் அது. குழம்புக்கா வறுவலுக்கா என்று அடுத்த கேள்வி. தான் சாப்பிடுவதில்லை என்றான்.

“பின்ன எதுக்கு தம்பி விரால்?”

“பொண்ணு கேக்கப் போறேங்க.”

கோதண்டபாணி கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு அவர் பேசியது வியாபாரம் இல்லை. கெண்டைக்குப் போகிறவன் நுனி மெத்தென்று வளையும் நீளக் கோல் வாங்கலாம். கெண்டை மெல்லக் கொத்தும். விரால் அப்படியில்லை. கோரைக்குள் பதுங்கியிருந்து ஒரே பாய்ச்சலாகக் கவ்வும், கவ்வியதும் மறுபடி கோரைக்குள் ஓடும். அதற்குள் அதை இழுத்து வெளியே போட வேண்டும். ஆகவே ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும், விறைப்பாக இருக்க வேண்டும். இப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு கோலை எடுத்து நுனியைத் தரையில் ஊன்றி வளைத்துக் காட்டினார்.

ரீலில் இரண்டு வகை. கோலின் மேல் உட்காருவது பலமானது, ஆனால் பழகாதவன் வீசினால் நூல் குருவிக்கூடாகச் சிக்கிக்கொள்ளும். கோலுக்குக் கீழே தொங்குவது பரமசாது. சிக்கெடுப்பதெல்லாம் தனக்குச் சோறு தின்பது மாதிரி என்றான் குமரகுரு. மாமனார் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிக்கெடுத்துக்கொண்டு நிற்பாயா என்று கேட்டார் கோதண்டபாணி. கீழே தொங்குவதையே வாங்கினான்.

நூலுக்கு வந்ததும் பேச்சு தலைகீழாகிவிட்டது. தங்கூஸ் என்கிற நைலான் நரம்பை இழுத்துப் பார்த்தான், நீண்டது; உதட்டைப் பிதுக்கினான். பின்னல் நூலை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினான். எட்டு இழை, ஒரே சீரான பின்னல். இதை நெய்தவன் யாராக இருந்தாலும் கெட்டிக்காரன் என்றான். நீளாத நூல், மீன் மூச்சுவிட்டாலும் கைக்குத் தெரியும் என்று கோதண்டபாணி ஒத்து ஊதினார். ஆனால் தண்ணீரில் பளிச்சென்று தெரியும். அதனால் முனையில் ஒரு முழம் தங்கூஸைச் சேர்த்து, அதில் பொய் இரையாக முள் வைத்த ரப்பர் தவளையைக் கட்ட வேண்டும். அந்த இரண்டையும் சேர்க்கிற முடிச்சைக் காட்ட அவர் கையை நீட்டியபோது குமரகுரு சிரித்தான்.

“இழ சேக்கறதுக்கு எங்களுக்கே சொல்லித் தர்றீங்களாண்ணே?”

[இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.]

கோலும் ரீலும் நூலும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும், ஒன்று மட்டும் உசத்தியாக இருந்தால் இன்னொன்றை உடைத்துவிடும் என்று சொல்லி அனுப்பினார் கோதண்டபாணி. இதைக் கல்யாணப் பொருத்தத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து நீக்கிவிட்டேன்.

4

ரீலில் நூலைத் தொய்வில்லாமல் சுற்ற வேண்டும். அந்த வீட்டில் நூல் சுற்றுவது என்றால் அம்மா வடிவாம்பாள்தான். புது மாதிரி நூல், ஒரு சிநேகிதனுக்குச் சுற்றித் தர வேண்டும் என்று அவன் சொன்னான். அவள் உருளையை மடியில் வைத்துக்கொண்டு நூலை விரலுக்குள் ஓடவிட்டாள். அவன் ரீலைச் சுற்றினான். பட்டு தவிர எதுவும் அறியாத விரல், ஒரு சுற்று ஓடியதுமே நின்றது. தறி மேலே உட்கார்ந்திருந்த ரப்பர் தவளையை வடிவாம்பாள் பார்த்தாள்.

“ஒன் சிநேகிதன் தவளையும் வளக்கறானா?”

அவன் ரீலை இன்னும் வேகமாகச் சுற்றினான். அவளும் அதற்கு ஈடாக நூலை ஓடவிட்டாள். நூல் அச்சடித்ததுபோல் வரிசையாக ஏறியது.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. வடிவாம்பாளைக் கீரை வாங்கத்தான் சந்தைக்கு அனுப்பினேன். பத்தியைப் படித்துப் பாருங்கள் என்றால், அந்தப் பத்தியை இப்போது காணோம். போனவள் கீரையோடு ஒரு புது மண்சட்டியும் வாங்கி வந்து, கொல்லையில் துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். அந்த வீட்டில் மண்சட்டியில் சமைக்கிற பழக்கம் இல்லை. எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. குமரகுரு அதைப் பார்க்கவில்லை. நீங்களும் நானும் பார்த்தோம்.

5

ஞாயிற்றுக்கிழமை. இந்த இடம்வரை எழுதிய பிறகுதான், ஷாரோனுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை என்பது உறைத்தது. கல்யாணம் அவளுக்கு, பரீட்சை அவனுக்கு, பேச்சு கோதண்டபாணிக்கு. நல்ல நியாயம். ஆகவே அவளையும் ஆற்றுக்கு அழைத்து வந்தேன். வந்தவள் அப்பாவின் மூங்கிலை வாங்கிக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்து, யாரையும் சட்டை செய்யாமல் ஒரு கெண்டையைப் பிடித்து வாளியில் போட்டாள்.

யேசுதாஸ் புதுக் கோலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வீசுப்பா” என்றார்.

குமரகுரு வீசினான். தறியில் ஊடை நூலோடு நாடா வீசிப் பழகிய மணிக்கட்டு. தவளை கோரையின் ஓரத்தில் பூப்போல விழுந்தது. யேசுதாஸின் புருவம் உயர்ந்தது. இரண்டு முறை அசைத்து இழுத்ததும் தண்ணீர் வெடித்தது. கோல் வில்லாக வளைந்தது. ரீல் கிரீச்சிட்டது. குமரகுரு சிவசிவா என்று அலறியது பாலத்தின் மேலிருந்த எனக்கே கேட்டது. [நான் அங்கே இருந்தேன் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?] விராலின் முதுகு ஒருமுறை கறுப்பாகப் புரண்டது. பிறகு கோல் சட்டென்று நிமிர்ந்துகொண்டது. மீனும் இல்லை, தவளையும் இல்லை, தங்கூஸும் இல்லை.

யேசுதாஸ் வெறும் நூலைக் கையில் பிடித்துப் பார்த்தார். அறுந்த மாதிரி இல்லை. முனையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

“இன்னாப்பா இது, மாவா?”

“திருநீறு, அங்கிள்.”

விஷயம் இதுதான். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீர்ந்து அடுத்தது ஏற்றும்போது, பழைய இழையின் முனையோடு புது இழையை வைத்து, விரலில் துளி சாம்பல் தொட்டு முறுக்கிவிடுவார்கள். முடிச்சே கிடையாது. பட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், இழுத்தாலும் வராது. குமரகுரு வழுக்குகிற தங்கூஸையும் அப்படியே முறுக்கியிருந்தான். சாம்பல் கிடைக்கவில்லை, நெற்றியிலிருந்து தொட்டுக்கொண்டான்.

யேசுதாஸ் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார். ஷாரோன் பாறையிலிருந்து விழாத குறை. கடைசியில் குமரகுருவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்து ஓய்ந்தபோது எனக்குக் கதை முடிந்துவிட்டதுபோல அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் யேசுதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனைக் கூப்பிட்ட விஷயத்தைக் கேட்டார்.

“மீனு போச்சின்னா போவட்டும்பா. உன்ன மீன் புடிக்கவா கூப்ட்டேன்? எம்பொண்ணு மீன் கொழம்பு இல்லாம சாப்பிட மாட்டா. உங்க வூட்டுக்கு வந்தா எந்தச் சட்டியில வைப்பா? அத மட்டும் சொல்லு.”

6

குமரகுரு வாயைத் திறந்தான். கோல், ரீல், நூல் எல்லாவற்றுக்கும் படித்துவிட்டு வந்தவன்; கேள்வி பாடத்திலேயே இல்லை. அவன் வாய் திறந்தபடியே இருக்கிறது. நான் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

‘எங்க சட்டியிலதான் அங்கிள்’ என்கிறான். பொய். கணக்குப் பார்க்கும் பெண், ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

‘தனிக்குடித்தனம் போய்டறோம்’ என்கிறான். இது பதில் இல்லை. கேள்வியை வாடகை வீட்டுக்குக் குடிமாற்றுவது.

‘நான் மீனை விட்டுடறேன்பா’ என்று ஷாரோன் சொல்வதாக எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் அவள் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தாள். பிறகு அவளாகவே சொன்னது இது:

“மீனையும் வுடமாட்டேன். அவரையும் வுடமாட்டேன்.”

அதை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை. இருக்கட்டும்.

கொல்லையில் ஒரு புதுச் சட்டி இருப்பது ஆற்றங்கரையில் நிற்கும் மூவருக்கும் தெரியாது. பாலத்திலிருந்து இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு தயக்கம். யேசுதாஸின் அப்பா டீக்கடையில் தனி கிளாஸில் டீ குடித்தவர். கழுவி, கவிழ்த்து, வெளியிலேயே வைத்துவிட்டு வர வேண்டிய கிளாஸ். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த தனிச் சட்டியைப் பற்றி இவரிடம் எப்படிச் சொல்வது? அது வருகிற மருமகளுக்காக ஓர் அம்மா யாருக்கும் தெரியாமல் செய்த பிரியமா, அல்லது அந்த கிளாஸ்தானா? வடிவாம்பாளிடமே கேட்டேன். நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. பிரியம்தான் என்று நான் நம்புகிறேன். ஆனால் பிரியம் என்றால் அந்தச் சட்டி கொல்லையில் இருக்கக் கூடாது. அங்கிருந்து அடுப்பங்கரை நாலு எட்டு. அந்த நாலு எட்டை என்னால் எழுத முடியவில்லை. நான் எழுதினால் அது வெறும் என் புளுகாகிவிடும். அந்த வீட்டு ஆள் யாராவது தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைக்க வேண்டும்.

பஞ்சாட்சரமும் எத்தனை நேரம்தான் சுற்றுவார்? கால் வலிக்கிறது என்று செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். கொல்லை வழியாக வருவதுதான் அவர் வழக்கம். சட்டியை முதலில் பார்க்கப்போவது அவர்தான்.

நான் பாலத்திலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டேன். இனி உங்கள் பாடு. யார் குனிந்து எடுக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ரொம்ப யோசிக்க நேரமில்லை. ஷாரோன் பிடித்த கெண்டை வாளியில் இருக்கிறது, அதை இன்றைக்கே குழம்பு வைத்தாக வேண்டும்.