நாற்பத்திரண்டு கோல்கள்

"நாற்பத்திரண்டையும் என் கண்ணால எண்ணிப் பார்த்துட்டுத்தாம்மா கையெழுத்துப் போட்டேன்" என்றார் எல்வுட் ஹாரிகன். வாண்டா அதைக் குறித்துக்கொண்டாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஒட்டாவாவிலிருந்து இரண்டரை மணி நேரம் பனியில் வண்டியோட்டி டீப் ரிவர் என்ற சிற்றூருக்கு வந்திருந்தாள். இடுப்பு வலித்தது.

கனடா ஆயுதமல்லாத பயன்பாட்டுக்கென்று பிற நாடுகளுக்குக் கொடுத்த யுரேனியம் இப்போது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று வருடந்தோறும் எழுதிக் கேட்பதும், வரும் பதிலைச் சரிபார்ப்பதும் அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே ஜன்னல். பெரும்பாலும் எண்கள் பொருந்திவிடும். இது மட்டும் பொருந்தவில்லை. 1971-இல் வேறொரு நாட்டின் அணு ஆராய்ச்சி உலைக்குப் போனவை நாற்பத்திரண்டு யுரேனியக் கோல்கள் என்றது கனடா. வந்தவை நாற்பத்தொன்றுதான் என்றது அந்த நாடு. கோல்களை அனுப்பிய ஆலை எப்போதோ மூடப்பட்டு, அதன் ஏடுகளும் அழிந்துபோயின. மிஞ்சியது, அந்த நாட்டுக்கு நேரில் போய்ச் சரிபார்த்த அன்றைய இளம் பொறியாளர் எல்வுட் கையெழுத்திட்ட ஒற்றைத் தாள். அதை நம்பித்தான் வாண்டா பதினொரு கடிதங்கள் எழுதினாள். ஏழாவதற்கு வந்த பதிலில், அங்கே கிடங்குப் பொறுப்பாளரை வேலையிலிருந்து நிறுத்தி விசாரிப்பதாக ஒரு வரி இருந்தது. மதியம் சூப் குடித்துக்கொண்டே அதைப் படித்தாள். கோப்பில் போட்டுவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

அடுத்த மாதம் இரு நாட்டாரும் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். அதற்குள் எல்வுட்டிடம் ஒரு வாக்குமூலம் வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள்.

அவருடைய மனைவி தெல்மா காபியும் வெண்ணெய் டார்ட் என்ற இனிப்பும் கொண்டுவந்து வைத்தாள். அந்த உலை இருந்த ஊரின் பெயர் காதில் விழுந்ததும் சிரித்துவிட்டாள்.

"அந்த ஊரா! அங்கதானே இவர் நாலு நாளும் கக்கூஸ்லயே குடியிருந்தாரு!"

"தெல்மா" என்றார் எல்வுட்.

"என்ன தெல்மா? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீங்களே சொல்ற கதைதானே. போன அன்னைக்கே எதையோ தின்னு வயித்தால போயிருக்கும்மா. கட்டிலை விட்டு எறங்கவே இல்ல. கடைசி நாள் அவங்களே ஓட்டலுக்குத் தாளைக் கொண்டுவந்தாங்களாம், இவர் படுத்த வாக்குல..."

எதிரே இருந்த இரண்டு முகங்களையும் பார்த்து அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். டார்ட் தட்டை வாண்டாவின் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

எல்வுட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"போன அன்னைக்குக் காலைல பெட்டிங்களைப் பார்த்தேன். தொறக்கல" என்றார். "நாம அனுப்புனதுதானே, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். முப்பது வயசுகூட ஆகல எனக்கு. எண்ணாம வந்துட்டேன்னு சொன்னா அடுத்த பயணம் கெடைச்சிருக்குமா?"

வாண்டாவுக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. ஒரு கோல் நடுவழியில் தொலைந்திருக்கலாம். ஆலையிலேயே எண்ணிக்கை பிசகியிருக்கலாம். அந்த நாடே மறைத்திருக்கலாம். இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாது என்று எழுதுவதற்கு அலுவலகப் படிவத்தில் கட்டமும் கிடையாது. முன்பு எழுதியதை அடித்துவிட்டு, அவர் இப்போது சொன்னதை எழுதி நீட்டினாள். தெல்மா சமையலறைக்குப் போய்விட்டாள். எல்வுட் கையெழுத்துப் போட்டார்.

"இதனால அங்க யாருக்காவது தொந்தரவாம்மா?"

கிடங்குப் பொறுப்பாளரைப் பற்றி அவள் சொன்னாள். மறைக்கத் தெம்பில்லை.

வண்டியைக் கிளப்பி, கண்ணாடியின் பனி உருகக் காத்திருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். எல்வுட், வீட்டுச் செருப்போடு, கோட்டு இல்லாமல்.

"அந்தக் கிடங்கு ஆளு பேரு என்ன?"

வாண்டா யோசித்துப் பார்த்தாள். பதினொரு கடிதங்களிலும் 'உங்கள் பொறுப்பாளர்' என்றுதான் எழுதியிருந்தாள். "தெரியலையே" என்றாள்.

அவர் நகரவில்லை. வெள்ளைத் தலைமயிரில் பனி விழுந்து, அங்கேயே தங்கியது. அவள் சாய்ந்து மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் சுற்றிவந்து ஏறி உட்கார்ந்தார். மூச்சில் கண்ணாடிகள் மெல்ல மங்கின. வாசலில் தெல்மா அவருடைய கோட்டைக் கையில் பிடித்தபடி, இறங்கி வருவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள்.