உளுத்த மரத்தில் ஆணி நிற்காது

மோட்டார் ரம்பத்தை அணைத்துவிட்டு, அந்தப் பட்டமரத்தில் காதை வைத்தாள் ரம்பக்காரி. உள்ளே புழுக்கள் கறுக் கறுக்கென்று அரைத்துக்கொண்டிருந்தன. மூன்று ஆள் உயரத்தில் மரங்கொத்தி குடைந்த பொந்து. தலை முறிந்து, பட்டை உரிந்து, பார்க்கச் சகிக்காத மரம்தான். ஆனாலும் அவளுக்கு வெட்ட மனம் வரவில்லை.

மறுநாள் அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள். மரம் வெட்டிய காடு துடைத்துவிட்ட கூடம் மாதிரி இருக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் உத்தரவு. மூன்று நாளாகப் பத்துப் பேர் விழுந்த கட்டை, பட்டமரம் என்று ஒன்று விடாமல் வழித்தெடுத்து எரித்தாயிற்று. மிச்சம் இவள் பொறுப்பிலிருந்த சரிவு மட்டும்தான். அங்கே நாலு பட்டமரமும் கிடந்த கட்டைகளும் அப்படியே இருந்தன.

மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நின்றார். "இந்தப் பொணத்தையெல்லாம் யாருக்கு வச்சிருக்க?"

"செத்த மரம் கொஞ்சம் இருக்கணும்னு பயிற்சியில சொன்னாங்க. பறவைக்கும் பூச்சிக்கும் அதுதான் வீடாம்."

அந்தப் பயிற்சிக்கு அழைப்பு வந்ததே மேஸ்திரிக்குத்தான். நாள் முழுக்க யார் உட்காருவது என்று இவளை அனுப்பி, வருகைப் பட்டியலில் தன் பெயரை எழுதச் சொன்ன புண்ணியவான் அவர். அதெல்லாம் இப்போது எங்கே நினைவிருக்கப் போகிறது! அதிகாரிகள் ஒரு குறை சொன்னாலும் வேலையை மறந்துவிடு என்று சொல்லி, இருட்டிவிட்டதால் வேறு ஆளை விட்டு வெட்டவும் வழியில்லாமல், ரம்பத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கட்டை உருண்டு இடுப்பு ஒடிந்த புருஷன் இரண்டு வருஷமாகப் படுக்கையில். அந்த ரம்பம் ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும். கூடவே வேலை செய்யும் நாத்தனார் வழியெல்லாம் புலம்பினாள்.

"ஊரோட ஒத்துப் போகணும் அண்ணி. செத்த மரத்துக்காக யாராவது உசிரோட இருக்கிற பொழப்பைக் கெடுத்துக்குவாங்களா?"

ரம்பக்காரி சரிவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள்.

மறுநாள் வந்த பெண் அதிகாரிக்குச் சரிவுக்குச் சரிவு முகம் சுண்டிக்கொண்டே போனது. எட்டாவது சரிவில் நின்றுவிட்டார். "செத்த மரம் ஒண்ணுகூட இல்லையே. இனிமே இங்க வெட்ட அனுமதி தர முடியாது."

மேஸ்திரி பேயறைந்த மாதிரி நின்றார். பத்துக் குடும்பத்தின் பிழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து ரம்பக்காரிதான் வாயைத் திறந்தாள்.

"என் சரிவைப் பார்த்துட்டுச் சொல்லுங்கம்மா."

அதிகாரி பட்டமரத்தை விரலால் தட்டினார். பொந்திலிருந்து மரங்கொத்தி ஒன்று வெளியே பாய்ந்தது. கட்டைகளைப் புரட்டினார், குனிந்து பார்த்தார், எழுதினார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது. இந்தச் சரிவு இருப்பதால் அனுமதி தொடரும், இனி எல்லாச் சரிவையும் இதே மாதிரி விட வேண்டும் என்றார். நாத்தனார் ஓடிவந்து அண்ணியைத் தூக்கியே விட்டாள். மேஸ்திரி மறுபேச்சில்லாமல் ரம்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தாள். காடே அதிர்ந்தது.

அடுத்த வாரம் பலகை வந்தது. 'மாதிரிச் சரிவு' என்று எழுதி, பயிற்சிப் பட்டியலில் கண்ட மேஸ்திரியின் பெயரைக் கீழே போட்டிருந்தார்கள். அதைப் பட்டமரத்தில் அடிக்கச் சொல்லி அவளிடமே சுத்தியலைக் கொடுத்தார்கள்.

"உளுத்த மரத்துல ஆணி நிக்காதுங்க," என்றாள். அடித்தும் காட்டினாள். பலகை மேஸ்திரியின் காலடியில் விழுந்தது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் படம் எடுப்பதற்காக ரம்பக்காரியை மரத்துக்குப் பின்னால் நின்று பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அலுவலகச் சுவரில் இப்போது அந்தப் படம் மாட்டியிருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் மேஸ்திரி சிரிக்கிறார். அவர் பெயரை இரண்டு பக்கமும் நாலு நாலு விரல்கள் பிடித்திருக்கின்றன.