ஒற்றை ஸ்பீக்கரில் வேதாவின் குரல்

தருமனுக்குப் பாட்டுப் பைத்தியம் என்பது அடி அண்ணாமலையில் அவன் தெருவுக்கே தெரியும். செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் காலை ஷிப்டு ரிசப்ஷன் வேலை. மூன்று மணிக்கு வீடு திரும்பியதும் பின்னறைக்குள் போய்விடுவான். சுவர்களில் பழைய மெத்தையும் கோணிச்சாக்கும் அடித்திருந்தான். ஒரு மைக், ஒரு லேப்டாப், விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன நல்ல ஹெட்போன். இவற்றை வைத்துக்கொண்டு ஆறு வருடமாகத் தானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடிப் பதிவு செய்து வந்தான். பௌர்ணமியன்று மட்டும் மைக்கைத் தொட மாட்டான். கிரிவலக் கூட்டத்தின் சத்தம் மெத்தையைத் தாண்டி வந்துவிடும்.

அவன் பாட்டுகளுக்கு ஒரு குறை இருந்தது. ஹெட்போனில் கேட்டால் அவனுக்கே கண் கலங்கும். போனில் போட்டால் குரல் தகரம்போல் ஒலிக்கும். டிவியில் போட்டால் மேளம் குரலை விழுங்கிவிடும். எல்லாவற்றிலும் ஒன்றுபோல் கேட்கவைப்பதற்காக ஒரே பாட்டை முப்பது தடவை திருத்துவான். ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுச் சடையனின் ஆட்டோவில் போட்டுப் பார்ப்பான்.

"டியூன் நல்லாக்குதுண்ணா" என்பான் சடையன். "இன்னா பாடறீங்கன்னுதான் புரியல."

தருமனின் மனைவி வேதா, ஊர் அங்கன்வாடியில் பணியாளர். பிள்ளைகள் காய் சாப்பிடாமல் அடம்பிடித்ததால் அவளாகவே ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள்.

*சோறு வந்தாச்சு, கை கழுவியாச்சு,*
*தட்டுல இருந்த கேரட்டு எங்க போச்சு?*

'எங்க போச்சு' என்றதும் பிள்ளைகள் கேரட்டை வாயில் போட்டுக்கொண்டு வெறும் கையைக் காட்ட வேண்டும். ஆய்வுக்கு வந்த மேற்பார்வையாளர் ராணியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பாட்டைப் பதிவு செய்து அனுப்பும்படியும், தன் பொறுப்பில் உள்ள இருபத்திரண்டு மையங்களுக்கும் கொடுக்கப்போவதாகவும் சொல்லியிருந்தார்.

"ஏங்க, உங்க மைக்ல ஒரு தடவ பாடிடட்டுமா?" என்று கேட்டாள் வேதா.

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து, நின்றவாக்கில் ஒரே தடவை பாடிவிட்டு அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள். தருமன் கீபோர்டும் கைத்தாளமும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் பாட்டை முடித்தான். வழக்கம்போல் போனில் போட்டுப் பார்த்தான். குரல் தெளிவாக இருந்தது. டிவியில் போட்டான். அதிலும் தெளிவு. சடையனின் ஆட்டோவில் ஒரு பக்க ஸ்பீக்கர் கிழிந்து கரகரக்கும். அதிலும் ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் நின்று பாடுவதுபோல் கேட்டது.

"யாருண்ணா பாடறது?" என்றான் சடையன். "இன்னொரு வாட்டி போடுங்க."

ஆறு வருடத்தில் சடையன் ஒரு பாட்டையும் இன்னொரு தடவை கேட்டதில்லை. என் பொண்டாட்டி என்று சொல்லத் தருமனுக்கு வாய் வரவில்லை. "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

அறைக்கு வந்ததும் அவளுடைய குரலை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டான். ஒரு தப்புக் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று தேடினான். இரண்டாவது வரியில் மூச்சு வாங்கும் சத்தம் இருந்தது. அதுகூட அழகாக இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பயிற்சி இல்லை, ஆசைகூட இல்லை. பருப்பு வேகிற நேரத்தில் பாடிவிட்டுப் போகிறாள். இத்தனை வருடமாகத் தொண்டை வலிக்கப் பாடிய தனக்கு வராத ஒன்று அவளுக்கு எப்படி வந்தது?

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தான். அவள் குரலின் இடப்பக்க அலையை மட்டும் தலைகீழாகப் புரட்டிவிட்டான். ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போவதால் குரல் தலையைச் சுற்றிப் பரந்து இன்னும் பெரிதாகக் கேட்கும். ஒரே ஸ்பீக்கர் உள்ள போனில் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். அங்கன்வாடிகளில் இருப்பதெல்லாம் ஒற்றை ஸ்பீக்கர் போன்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

வேதாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"நானா இது?" என்றாள். "நீங்க பண்ணதாலதாங்க இப்டி இருக்கு." அப்போதே ராணியம்மாளுக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் முகம் வாடி வந்தாள். "மியூசிக் மட்டும்தான் வருதாம். என் குரல் எங்கியோ கெணத்துக்குள்ளருந்து கேக்கற மாதிரி இருக்குன்னு எல்லா சென்டர்லருந்தும் போன் பண்ணிட்டாங்க. உங்க வீட்டுக்காரர் மியூசிக் ரொம்ப நல்லா பண்ணிக்கிறார், உனக்குத்தான் குரல் கம்மின்னு மேடம் சொன்னாங்க."

மியூசிக் நன்றாயிருக்கிறது என்ற சொல் தருமன் காதில் இனித்தது. சோறு பிசைந்துகொண்டே, "வேற இன்னா சொன்னாங்க?" என்று கேட்டான்.

"அவ்ளோதான். என் குரலுக்கு அவ்ளோதான் தெம்பு போல. வேற யாரையாவது வெச்சுப் பாடிக்கங்கன்னு சொல்லிட்டேன்."

மூன்று நாள் கழித்து அவனுக்கு வார விடுமுறை. வேதா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அங்கன்வாடிக்குப் போனான். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேதா பேசாமல் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பெண் குழந்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், கேரட்டு எங்க போச்சு?" என்றது. "சாப்புடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள் வேதா.

தருமன் டப்பாவைச் சன்னலில் வைத்துவிட்டுத் திரும்பினான். மற்ற மையங்களில் அவள் பாட்டு எடுபடாமல் போனால் போதும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். பாட்டையே விட்டுவிடுவாள் என்று நினைக்கவில்லை. வீட்டிலும் மூன்று நாளாக அவள் வாய்க்குள் ஒரு முணுமுணுப்பும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிய உடனே சொன்னான். "உன் குரல்ல ஒண்ணும் குறை இல்ல. நான்தான் போன்ல கேக்காத மாதிரி பண்ணி வெச்சேன்."

"தெரியாம ஆயிடுச்சா?"

"இல்ல. தெரிஞ்சுதான்."

அவள் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். "ஏன்?"

"நீ ஒரு தடவதான் பாடுன. எல்லாத்துலயும் கேக்குது. சடையன் ரெண்டாவது வாட்டி போடச் சொன்னான். எனக்கு வயித்தெரிச்சலா ஆயிடுச்சு."

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. பின்னறைக்கு நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "எப்டி பண்ணீங்கன்னு காட்டுங்க" என்றாள்.

அவன் காட்டினான். சின்ன பட்டன்தான். அமுக்கியதும், லேப்டாப்போடு இணைத்திருந்த போன் ஸ்பீக்கரில் அவள் குரல் காணாமல் போனது. மறுபடி அமுக்கியதும் வந்தது. அவளே ஏழெட்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். பிறகு, "உங்க பாட்ட எடுங்க" என்றாள். அவன் ரொம்பப் பெருமையாக நினைத்திருந்த பாட்டை எடுத்தான். அவள் அதன் குரல் மேல் அமுக்கினாள். தருமனின் குரல் மறைந்து, வெறும் கீபோர்டு மட்டும் ஓடியது. பாட்டு முடியும் வரை அப்படியே விட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்டித்தான் இருந்துச்சு எனக்கு" என்றாள்.

சரிசெய்த பாட்டை அவள் தன் போனில் மூன்று தடவை கேட்ட பிறகே அனுப்பினாள். பைலில் கோளாறு என்று மேடத்திடம் சொல்லிவிடும்படி தருமன் கேட்டபோது, "நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்களே பேசுங்க" என்று போனை நீட்டினாள். அவன் ராணியம்மாளிடம் தடுமாறித் தடுமாறி, தான் செய்த தவறு என்று சொன்னான். அவர் காரணம் கேட்கவில்லை. அடுத்த வாரத்துக்குள் இருபத்திரண்டு மையங்களிலும் கேரட்டுப் பாட்டு கேட்டது. தருமனுக்கும் அவளுக்கும் இடையே ஒரு மாதம் வரை தேவைக்கு மட்டும்தான் பேச்சு இருந்தது.

ஆடி மாதத்தில் கை கழுவும் பாட்டு ஒன்று வேண்டும் என்றார் ராணியம்மாள். வேதா பாடினாள். இந்தத் தடவை பாடிவிட்டு அடுக்களைக்குப் போகாமல், முக்காலியை இழுத்து அவன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். அவள் குரலைக் கேட்கக் கேட்க அவனுக்குள் பழைய எரிச்சல் எழுந்தது. போகும் என்றுதான் நினைத்திருந்தான், போகவில்லை.

"இன்னிக்கும் பொறாமையாதான் இருக்குது" என்றான், திரையைப் பார்த்தபடி.

"தெரியும்" என்றாள் வேதா. "குரல இன்னும் கொஞ்சம் ஏத்துங்க."

அவன் ஏற்றினான்.